மகரினா புல்லி: சைப்ரஸ் அடுக்களையின் பெயர்கள்

சைப்ரஸ் தீவின் வடக்கே, துருக்கி மொழி பேசும் வீடுகளில் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன ஒரு சாப்பாடு உண்டு. கோழியை வேகவைத்து எடுத்துவிட்டு, அந்தச் சாற்றிலேயே மக்ரோனியைப் போட்டு வேகவிடுவார்கள். தட்டில் போட்டதும் உப்புப் பாலாடைக்கட்டியை மேலே துருவி, காய்ந்த புதினாவைக் கசக்கித் தூவுவார்கள். கோழித் துண்டு பக்கத்தில் இருக்கும். அவ்வளவுதான் சமையல். பெயர் மகரினா புல்லி.

மகரினா என்றால் மக்ரோனி. சரி, புல்லி என்றால் என்ன? இஸ்தான்புல்லிலிருந்து வந்தவருக்கு அந்தச் சொல் தெரியாது. அவருக்குக் கோழி என்றால் 'தவுக்'. ஏதென்ஸிலிருந்து வந்தவருக்குப் பாதி புரியும். அவர் மொழியில் அது ஏதோ ஒரு பறவை. சைப்ரஸ் கிரேக்கப் பேச்சிலிருந்து வந்த சொல் அது. தீவின் துருக்கி மொழி பேசும் முஸ்லிம் வீடுகளில் பல தலைமுறைகளாக அதுவே கோழியாக நிற்கிறது.

இப்படிப்பட்ட சொற்கள் இன்னும் நிறைய. பச்சை ஒலிவக் காயைக் கல்லால் தட்டிப் பிளந்து, பூண்டு, எலுமிச்சை, இடித்த கொத்தமல்லி விதை சேர்த்து ஊறவைப்பது தீவு முழுக்க உள்ள வழக்கம். கிரேக்க மொழி பேசும் தெற்கே அதை 'ட்சாக்கிஸ்டெஸ்' என்கிறார்கள், 'உடைத்தவை' என்று பொருள். வடக்கே அதே சொல் 'சாக்கிஸ்டெஸ்' என்று வழங்குகிறது. தெற்கின் 'கொலியாந்த்ரோஸ்' வடக்கே 'கோல்யாந்த்ரோ' ஆகிறது, இரண்டும் கொத்தமல்லி. மழைக்காலம் முடிகிற நேரத்தில் புதர்களுக்குள் தேடிப் பறிக்கிற காட்டு அஸ்பாரகஸ் தெற்கே 'அக்ரேலியா', வடக்கே 'அய்ரெல்லி'. தலைநகர் நிகோசியாவின் வடபாதியில் உள்ள பழைய நகராட்சிச் சந்தையை ஊர்க்காரர்கள் 'பந்தபுலியா' என்கிறார்கள். எல்லாம் விற்கும் இடம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்தான் அங்கே அப்படித் திரிந்து நிற்கிறது.

சைப்ரஸைப் பற்றிய செய்திகளில் எப்போதும் இரண்டு பெயர்கள்தான் வரும்: கிரேக்க சைப்ரியட், துருக்கிய சைப்ரியட். இரண்டுமே கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாட்டைச் சுட்டுகிற பெயர்கள். இந்தத் தீவின் சாப்பாட்டைக் கூர்ந்து பார்த்தால் அந்த இரண்டுக்குள்ளும் அடங்காத ஒரு மூன்றாவது ஆள் தெரிகிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1192 முதல் லூசிஞான் என்ற பிரெஞ்சு வம்சம், 1489 முதல் வெனிசியர், 1571 முதல் ஒட்டோமான்கள், 1878 முதல் பிரிட்டிஷார் என்று தீவு கைமாறிக்கொண்டே இருந்தது. ஒட்டோமான் காலத்தில் ஆட்களைப் பிரித்தது மதம்தான், இனம் அல்ல. ஒரே கிராமத்தில் தேவாலயமும் மசூதியும் இருந்தன. இரண்டு மதச் சடங்குகளையும் கடைப்பிடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களை 'லினோபம்பாக்கி' என்று அழைத்தார்கள். லினனும் பருத்தியும் கலந்து நெய்த துணி என்று அர்த்தம். கிணறு, செக்கு, சந்தை, மேய்ச்சல் நிலம் எல்லாம் பொது என்றால் சமையல் மட்டும் தனியாக எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கடன் வாங்கிய பாத்திரத்தோடு அந்தப் பாத்திரத்தின் பெயரும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கணக்கில் இருந்த கலப்புக் கிராமங்கள் 1960க்குள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று சைப்ரஸ் சுதந்திரம் பெற்றது. மூன்றே ஆண்டில், 1963 டிசம்பரில், இரு சமூகங்களுக்கும் இடையே ரத்தம் சிந்தியது. பிரிட்டிஷ் படை அதிகாரி ஒருவர் இரு சமூகங்களின் பகுதிகளையும் பிரித்து நிகோசியாவின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு போட்டார். பச்சைக் கோடு என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1974 ஜூலை 15 அன்று கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு, ஐந்தே நாளில் துருக்கியின் படையெடுப்பு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரியட்கள் தெற்கே ஓடினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துருக்கிய சைப்ரியட்கள் வடக்கே போனார்கள். 2003 ஏப்ரல் 23 வரை சாதாரண மக்கள் கோட்டைத் தாண்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்று எழுதுவது சுலபம், கேட்கவும் இதமாக இருக்கும். சைப்ரஸ் அதற்கு நேர் எதிரான சாட்சி. ஒரே பாலாடைக்கட்டியைத் தின்றவர்கள் ஒருவரை ஒருவர் கொன்றார்கள். சாப்பாடு அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் சண்டைக்கு முன்னால் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அது இன்றுவரை விடாமல் காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உருகாத கட்டி

தெற்கே ஹலூமி, வடக்கே ஹெல்லிம். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளில்கூட இப்போது எட்டிப்பார்க்கிற அதே பாலாடைக்கட்டிதான். தோசைக்கல்லில் போட்டால் சிவக்குமே தவிர உருகாது.

ஏன் உருகாது என்பதில்தான் அதன் செய்முறையே இருக்கிறது. பல பாலாடைக்கட்டிகளில் பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளைச் சேர்ப்பார்கள். புளிப்பு ஏற ஏற, பாலின் புரதத்தைக் கட்டிப் பிடித்திருக்கும் கால்சியம் கரைந்து வெளியேறும். பிடி தளர்ந்துவிடுவதால் சூடு பட்டதும் கட்டி உருகி ஓடும். ஹலூமியில் புளிக்கவைக்கும் வேலை கிடையாது. வெதுவெதுப்பான பாலை உறைநொதி ஊற்றித் திரித்து, கட்டியை அழுத்தி நீர் வடியவிடுவார்கள். வடிந்த நீரைச் சூடாக்கினால் மேலே மென்மையான இன்னொரு கட்டி திரண்டு வரும். தெற்கே அதன் பெயர் அனாரி, வடக்கே நோர். அதை அள்ளி எடுத்துவிட்டு, அழுத்தி வைத்த கட்டிகளை அதே நீரில் போட்டு 90 டிகிரிக்கு மேல் வேகவைப்பார்கள். கால்சியம் போகாமல் இருப்பதால் புரதவலை இறுகிவிடுகிறது. சூடு ஆறுவதற்குள் உப்பும் புதினாவும் தூவி இரண்டாக மடிப்பார்கள். கட்டியின் நடுவே தெரியும் அந்த மடிப்புதான் கையால் செய்த ஹலூமியின் அடையாளம். உப்பு நீரில் போட்டு வைத்தால் குளிர்பெட்டி இல்லாத காலத்திலும் மாதக்கணக்கில் தாங்கியது. பழையதாகிக் கல் மாதிரி ஆனதைத் துருவி மக்ரோனியில் போட்டார்கள். மகரினா புல்லியின் மேல் விழுவது அதுதான்.

கிராமங்களில் இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. ஒரு வீட்டில் நாலைந்து ஆடு இருந்தால் கிடைக்கிற பால் ஒரு அண்டாவுக்குக் காணாது. அதனால் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். இன்று எல்லோருடைய பாலும் உன் வீட்டுக்கு, நாளை என் வீட்டுக்கு. கிட்டத்தட்ட நம் ஊர் சீட்டு மாதிரி, பணத்துக்குப் பதில் பால். அண்டையில் யார் இருக்கிறார்களோ அவர்களை நம்பித்தான் இந்த ஏற்பாடு நடந்தது. ஹலூமியைச் சைப்ரஸின் அடையாளம் என்று சொல்கிறபோது, சுவையைவிட இந்தப் பால் கணக்குதான் என் மனதில் நிற்கிறது.

பிறகு அது தொழிற்சாலைக்குப் போனது, ஏற்றுமதியானது. பிரிட்டன்தான் மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை. தேவை பெருகியதும் செம்மறி, வெள்ளாட்டுப் பால் போதவில்லை. ஆடு ஆண்டு முழுக்கக் கறக்காது, மாடு கறக்கும். பசும்பாலின் பங்கு ஏறிக்கொண்டே போனது. 2014இல் சைப்ரஸ் அரசு இந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கேட்டு விண்ணப்பித்தபோது இரண்டு தகராறுகள் ஒன்றாக வெடித்தன. ஒன்று, எந்தப் பால் எவ்வளவு என்பது. ஆட்டுப் பால் பசும்பாலைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கசந்தது. இன்னொன்று, யாருடைய பெயர் என்பது. சைப்ரஸ் குடியரசு தீவு முழுவதற்கும் சட்டப்படியான அரசு, ஆனால் அதன் கை வடக்கே எட்டாது. வடக்கில் 1983இல் அறிவிக்கப்பட்ட நிர்வாகத்தைத் துருக்கியைத் தவிர யாரும் அங்கீகரிக்கவில்லை. அப்படியென்றால் வடக்கில் ஹெல்லிம் செய்கிறவரைச் சோதித்துச் சான்று கொடுப்பது யார்? தெற்கின் அதிகாரி அங்கே போக முடியாது. வடக்கின் அதிகாரி தரும் தாளை ஐரோப்பா ஏற்காது.

2015 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கர் நிகோசியா வந்தபோது ஒரு வழி பேசி முடித்தார்கள். இரு தரப்பையும் சேராத ஒரு தனியார் சோதனை நிறுவனம் தீவு முழுக்கப் பார்க்கட்டும் என்று முடிவானது. ப்யூரோ வெரிட்டாஸ் என்ற நிறுவனத்துக்கு அந்த வேலை போனது. 2021 ஏப்ரலில் பதிவு நிறைவேறி, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டப் புத்தகத்தில் ஏறிய பெயர் 'ஹலூமி / ஹெல்லிம்'. நடுவே ஒரு சாய்கோடு.

இரு தரப்புத் தலைவர்களும் பல பத்தாண்டுகளாகப் பேசியும் முடிக்காத காரியங்களுக்கு நடுவே, ஒரு பாலாடைக்கட்டியின் பெயரில் இரண்டு மொழியும் சமமாக உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை. அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. வடக்கில் செய்த கட்டி பச்சைக் கோட்டைத் தாண்டி விற்பனைக்குப் போக, பண்ணையிலிருந்து பால் வண்டி வரை ஐரோப்பியக் கால்நடை நல விதிகளில் தேற வேண்டும். சின்ன ஆட்டுக்காரருக்கு அது பெரிய மலை. ஆட்டுப் பால் பங்கை உயர்த்தும் கெடுவும் பால் பற்றாக்குறையால் தள்ளிப் போனது.

பன்றியும் பண்டிகையும்

எல்லாமே ஒன்று என்று சொல்லிவிட முடியாது. பெரிய வேறுபாடு பன்றி இறைச்சி. தெற்கே குளிர்காலத்தில் பன்றியை அறுத்து, ஒயினில் ஊறவைத்துப் புகைபோட்டு 'லுன்ட்சா' செய்வார்கள். 'அஃபேலியா' என்ற குழம்பில் பன்றித் துண்டுகளும் சிவப்பு ஒயினும் கைநிறைய இடித்த கொத்தமல்லி விதையும் சேரும். கொத்தமல்லி விஷயத்தில் சைப்ரஸ்காரர்கள் கிரீஸ்காரர்களைவிட நமக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். கிரீஸில் கொத்தமல்லித் தழையைச் சமையலில் அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. இங்கே தழையும் விதையும் இல்லாமல் நாள் ஓடாது.

'ஷெஃப்தாலியா' என்ற தணல் உணவை எடுத்துக்கொள்ளலாம். கொத்துக்கறியில் வெங்காயமும் பார்ஸ்லியும் பிசைந்து, ஆட்டின் அல்லது பன்றியின் வயிற்றைச் சுற்றியிருக்கும் வலை போன்ற கொழுப்புச் சவ்வில் சுருட்டிச் சுடுவது. சூட்டில் சவ்வு உருகிக் கறிக்குள் இறங்கிவிடும். தெற்கே பெரும்பாலும் பன்றி, வடக்கே ஆட்டுக்கறி, பெயர் 'ஷெஃப்தாலி'. கைப்பக்குவம் அதே, கறி மட்டும் மதத்தைப் பொறுத்து மாறியிருக்கிறது.

பண்டிகைப் பலகாரங்களில் இது இன்னும் அழகாகத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் கிரேக்க மரபுவழிக் கிறிஸ்தவர்கள் ஏழு வாரம் இறைச்சி, முட்டை, பால் பொருள் எதையும் தொடமாட்டார்கள். நோன்பு முடிகிற நாளுக்காகச் செய்வதுதான் 'ஃப்ளவுனா'. எள் ஒட்டிய மாவுக்குள் துருவிய பாலாடைக்கட்டி, முட்டை, புதினா, சில வீடுகளில் உலர்திராட்சையும் வைத்து ஓரங்களை மடித்துச் சுடுவார்கள். பாட்டி, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் கூடி ஒரே நாளில் டஜன் கணக்கில் செய்வார்கள். துருக்கிய சைப்ரியட்களிடம் அது 'பிலவுனா'. அவர்களுக்கு ஈஸ்டரும் இல்லை, அந்த நோன்பும் இல்லை, ஆனால் பலகாரம் தங்கிவிட்டது. அதேபோல, கிரேக்கர்கள் இறந்தவர் நினைவாகத் தேவாலயத்தில் வைக்கும் அவித்த கோதுமை 'கோலிவா'. வடக்கே 'கோலிஃபா' என்ற பெயரில் அது மாதுளை முத்து, பாதாம், எள் எல்லாம் சேர்ந்த புத்தாண்டுப் பலகாரம். ஒரே கோதுமை ஒரு பக்கம் இறப்பையும் மறுபக்கம் ஆண்டின் பிறப்பையும் தொட்டு நிற்கிறது.

இன்னொரு திசையிலும் ஒரு வேறுபாடு. 'மொலோஹியா' என்ற சணல் கீரையைக் காயவைத்து, ஆட்டுக்கறி அல்லது கோழியோடு நிறைய எலுமிச்சை பிழிந்து சமைப்பது துருக்கிய சைப்ரியட்களின் உயிர். அது எகிப்து, அரபு நாடுகளின் பக்கத்து உணவு. தெற்கே அதிகம் புழங்காது, துருக்கியிலும் பொதுவாகத் தெரியாது. 1974க்குப் பிறகு துருக்கியிலிருந்து நிறைய பேர் வந்து வடக்கில் குடியேறினார்கள். மொழி ஒன்று, மதம் ஒன்று. அப்போதுதான் உள்ளூர்க்காரர்கள் தங்களை எதை வைத்துத் தனித்துக் காட்டுவது என்று பார்த்தார்கள். மொலோஹியா தெரியுமா, ஹெல்லிம் தெரியுமா, புல்லி என்றால் என்ன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர் இந்த மண்ணின் ஆள்.

காப்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில், மாவாக அரைத்த தூளையும் சர்க்கரையையும் நீரோடு சேர்த்து நுரை பொங்கும் வரை காய்ச்சி, வண்டலோடு ஊற்றித் தருவார்கள். ஒரு காலத்தில் கிரேக்க மொழி பேசுகிறவர்களும் அதைத் துருக்கிக் காப்பி என்றுதான் சொன்னார்கள். 1974க்குப் பிறகு அந்தப் பெயர் நாக்கில் வர மறுத்தது. கிரீஸில் அது கிரேக்கக் காப்பி ஆனது. சைப்ரஸின் தெற்கில் சைப்ரஸ் காப்பி என்று கேட்கிறார்கள். கிராமத்துக் காப்பிக் கடைகளில் இன்னொரு கோடும் உண்டு. பல ஊர்களில் இடதுசாரிகளுக்கு ஒரு கடை, வலதுசாரிகளுக்கு ஒரு கடை. கால்பந்துக் கிளப்புகளே 1948இல் அரசியலால் உடைந்த தீவு அது.

சேப்பங்கிழங்கு அங்கேயும்

சைப்ரஸ் சமையலில் என்னை அதிகம் இழுத்தது 'கொலோகாசி'. நம் சேப்பங்கிழங்கேதான், அவர்களிடம் இருப்பது உருவத்தில் பெரியது. தெற்காசியா, தென்கிழக்காசியப் பக்கத்திலிருந்து கிளம்பிய செடி, ரோமானியர் காலத்திலேயே எகிப்து வரை போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இதை அன்றாட உணவாக வைத்திருக்கும் மிகச் சிலரில் சைப்ரஸ்காரர்களும் உண்டு. தீவின் தென்கிழக்கில் செம்மண் பூமியான சோதிரா கிராமத்துக் கிழங்குக்குப் புவிசார் பாதுகாப்பும் உண்டு.

சேப்பங்கிழங்கின் வழவழப்பு நம் வீடுகளுக்குப் புதிதில்லை. நாம் புளியை ஊற்றி அடக்குவோம், அல்லது அவித்து வறுத்துவிடுவோம். அவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கிழங்கைத் தோல் சீவிய பிறகு தண்ணீரே காட்டக் கூடாது, துணியால் துடைத்தால் போதும். கத்தியால் முழுவதும் வெட்டாமல், பாதி வரை இறக்கி, திருப்பி ஒடிக்க வேண்டும். மட்டமாக வெட்டினால் சாறு கொழகொழத்துவிடும், ஒடித்தால் துண்டு துண்டாக நிற்கும் என்பது அவர்கள் அனுபவம். பிறகு தக்காளி, செலரி, எலுமிச்சையோடு, தெற்கே பெரும்பாலும் பன்றிக்கறி, வடக்கே கோழி அல்லது ஆடு. தாய்க் கிழங்கைச் சுற்றி முளைக்கும் சின்னக் குட்டிக் கிழங்குகளுக்குத் தெற்கே 'புல்லெஸ்', வடக்கே 'புல்லெஸ்'. இந்த முறை உச்சரிப்புகூட அதிகம் மாறவில்லை.

2013இல் யுனெஸ்கோ மத்தியதரைக்கடல் உணவுமுறையைச் சைப்ரஸின் பெயரையும் சேர்த்துத் தன் பட்டியலில் விரிவாக்கியது. மலைக்கிராமமான அக்ரோஸ் அதன் மாதிரி ஊராக நின்றது. நல்ல விஷயம்தான். ஆனாலும் பட்டியலில் ஏறுகிற உணவு விருந்துத் தட்டாகவே மனதில் பதிந்துவிடுகிறது, சின்னச் சின்னத் தட்டுகளில் வந்துகொண்டே இருக்கும் மெஸே போல. சைப்ரஸ் வீட்டின் உண்மையான சாப்பாடு அதைவிட எளிமையானது. தட்டைப்பயறும் கீரையும் வேகவைத்து, ஒலிவ எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிச் சாப்பிடும் 'லுவி'. புளித்த பாலில் நொறுக்கிய கோதுமையைக் காய்ச்சி, விரல் அளவு கட்டிகளாக வெயிலில் காயவைத்து, குளிர்காலத்தில் கஞ்சியாக்கும் 'த்ரஹானா', வடக்கே 'தர்ஹானா'. நம் வீட்டு மாடியில் வடகம் காய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த வெயில் நாளை விளக்கவே வேண்டாம். ஆகஸ்ட் மாதத்தில், வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, தர்ப்பூசணித் துண்டும் ஹலூமியும் ரொட்டியும் போதும், மதியச் சாப்பாடு முடிந்தது. கோட்டின் இந்தப் பக்கமும் அதுதான், அந்தப் பக்கமும் அதுதான்.

லண்டனின் வடபகுதியில், கிரீன் லேன்ஸ் தெருவில், தீவை விட்டு வந்த இரு சமூகத்தவரும் ஒரே தெருவில் கடை வைத்தார்கள். கொலோகாசி வாங்க வேண்டும் என்றால் இருவரும் அங்கேதான் வர வேண்டியிருந்தது.

2003இல் கடவை திறந்தபோது முதல் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கானோர் கோட்டைத் தாண்டி, இருபத்தொன்பது ஆண்டுக்கு முன் விட்டுவந்த வீடுகளைத் தேடிப் போனார்கள். வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. பல இடங்களில் கதவைத் திறந்தவர்களே தெற்கிலிருந்து வீடிழந்து வந்தவர்கள். சிலர் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், பலர் உள்ளே கூப்பிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று அன்றைக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். திரும்பும்போது சிலர் கிணற்று நீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டார்கள், சிலர் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் சிலர், அப்பாவோ தாத்தாவோ நட்டுவைத்த எலுமிச்சை மரம் இன்னும் காய்ப்பதைப் பார்த்து, பை நிறையப் பறித்துக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டிக் கோட்டைத் தாண்டித் திரும்பி வந்தார்கள்.